கோர்ட் ஆறு, கண் இரண்டு: கல்லூரிப் பெண்கள் டென்னிஸ் கோச் வேலை – வாசகர் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் டென்னிஸ் அணிக்குக் கோச்சாக இருப்பது ஒரு முழுநேரத் தொழில் என்று சென்ற இதழில் சின்னக் குறிப்பு எழுதியிருந்தோம். அது போதவில்லை என்று கடிதங்கள் வந்துவிட்டன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் தருகிறோம். தனியாகச் சொல்லாத இடத்தில் எல்லாம் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவு, அதாவது 'டிவிஷன் ஒன்று' விதிகளையே பேசுகிறோம். 2025-26 கல்வியாண்டு நிலவரம் இது. இந்த விதிகள் வருடா வருடம் மாறும்.

கே: என் மகள் அங்கே ஒரு கல்லூரி அணியில் மூன்றாம் ஆண்டு ஆடுகிறாள். படிப்பு முடிந்ததும் கோச் ஆகப்போகிறேன் என்கிறாள். எங்கே தொடங்க வேண்டும்? – வாசகி, கோவை

ப: இதற்கென்று தனிப் பட்டம் கிடையாது. ஏதாவது ஒரு இளங்கலைப் பட்டம் கட்டாயம் கேட்பார்கள். முதுகலையும் இருந்தால் விண்ணப்பக் கட்டில் மேலே வருவார்.

உங்கள் மகளுக்குத் தோதான முதல் படி 'கிராஜுவேட் அசிஸ்டென்ட்' வேலை. முதுகலை படிக்கும்போதே அணியோடு வேலை பார்க்கலாம். கல்விக் கட்டணத்தில் பெரும்பகுதியோ முழுவதுமோ தள்ளுபடியாகும், கைச்செலவுக்கு ஒரு சிறு தொகையும் வரும். டிவிஷன் இரண்டு, மூன்று கல்லூரிகளிலும், என்.ஏ.ஐ.ஏ. என்ற வேறொரு அமைப்பைச் சேர்ந்த சிறு கல்லூரிகளிலும் இந்த இடங்கள் கிடைக்க வாய்ப்பு அதிகம். அதற்கடுத்து உதவி கோச், பிறகு இணைத் தலைமைக் கோச், கடைசியாகத் தலைமைக் கோச். இந்த ஏணியில் ஏறப் பத்து வருடம் ஆனவர்களும் உண்டு. முன்பெல்லாம் சம்பளமே இல்லாமல் 'தன்னார்வக் கோச்' என்று சேர்ந்து தொழில் கற்பார்கள். டிவிஷன் ஒன்றில் 2023 ஜூலையோடு அந்தப் பதவியை எடுத்துவிட்டார்கள்.

இப்போதே அவர் செய்யக்கூடியவை சில. எதிரணி ஆட்டக்காரிகளைப் பற்றிக் குறிப்பெடுக்கும் வேலையைத் தன் கோச்சிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். முதல் சர்வ் எந்த மூலைக்குப் போகிறது, 30-40-ல் என்ன செய்கிறாள், எந்தப் பக்கம் ஓடவிட்டால் பந்து குட்டையாக விழுகிறது என்பதையெல்லாம் ஒரு தாளில் அடக்கத் தெரிந்தவரை எந்தக் கோச்சும் விடமாட்டார். டென்னிஸ் பயிற்றுநர்களுக்கான பி.டி.ஆர். அமைப்பின் சான்றிதழ், முதலுதவி, இதயம் நின்றால் செய்யும் சி.பி.ஆர்., ஆட்டக்காரர்களைத் துன்புறுத்தலிலிருந்து காக்கும் 'சேஃப்ஸ்போர்ட்' பயிற்சி எல்லாவற்றையும் விடுமுறையில் முடித்துவிடலாம். வேலை விளம்பரங்கள் பெரும்பாலும் சீசன் முடிந்த கையோடு, மே முதல் ஜூலை வரை வரும்.

ஒரு எச்சரிக்கை. அவர் எஃப்-1 மாணவர் விசாவில் இருந்தால், கோடைக்கால டென்னிஸ் முகாமில் சம்பளம் வாங்குமுன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்க வேண்டும். முகாம் நடப்பது கல்லூரி கோர்ட்டில்தான், ஆனால் பல இடங்களில் அதை நடத்துவது கோச்சின் சொந்த நிறுவனம். அப்படியானால் அது வளாகத்துக்கு வெளியே உள்ள வேலையாகவே கணக்கில் வரும், தனி அனுமதி வேண்டும். வளாகத்துக்குள் தானே நிற்கிறோம் என்று நினைத்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

கே: பெரிய ஆட்டக்காரியாக இருந்தவர்தான் பெரிய கோச் ஆக முடியுமா? – வாசகர், நாகர்கோவில்

ப: இல்லை. ஆனால் கல்லூரி அணியில் ஆடிய அனுபவம் அநேகமாக எல்லோரிடமும் எதிர்பார்க்கப்படுகிறது. ஸ்டான்ஃபோர்டில் 10 தேசியப் பட்டங்கள் வென்ற லேலே ஃபரூட் அதே பல்கலைக்கழகத்தில் ஆடியவர். அவருக்கு முன்னால் அங்கே இருந்த ஃபிராங்க் பிரென்னனும் 10 பட்டங்கள் எடுத்தவர். ஒரே அணி, இரண்டே கோச்சுகள், இருபது பட்டங்கள்!

கே: வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சி என்று ஒரு விதி இருக்கிறதாமே. அப்படியானால் கோச்சுக்கு மீதி நேரம் ஓய்வா? – வாசகர், சேலம்

ப: அந்த 20 மணி ஆட்டக்காரிக்கு, கோச்சுக்கு இல்லை. கோச்சின் வாரத்தைத் தொந்தரவு செய்வதே அந்த இருபதுதான்.

சீசனில் ஒரு நாளைக்கு 4 மணி, வாரத்துக்கு 20 மணி. வாரத்தில் ஒரு நாள் முழு விடுப்பு. போட்டி நாள் எவ்வளவு நேரம் இழுத்தாலும் 3 மணி என்றே கணக்கு. பேருந்துப் பயணம் கணக்கில் வராது. கோச் உட்கார வைத்துக் காட்டும் வீடியோ வரும், அணிக் கூட்டம் வரும், எடைப் பயிற்சி வரும். தசைப்பிடிப்புக்குச் சிகிச்சை எடுப்பது வராது. போட்டி முடிந்த பிறகு அன்றைக்குப் பயிற்சி வைக்கக் கூடாது.

வெள்ளி, ஞாயிறு இரண்டு போட்டிகள் உள்ள வாரத்தை எடுத்துக்கொள்வோம். திங்கள் விடுப்பு. செவ்வாய் மூன்று மணி கோர்ட், ஒரு மணி எடைப் பயிற்சி. புதன் டபுள்ஸ் இரண்டு மணி, தனிப் பயிற்சி அரை மணி, எடை ஒரு மணி. வியாழன் இரண்டரை மணி. வெள்ளி போட்டி, கணக்கில் 3. சனி லேசாக இரண்டு மணி. ஞாயிறு போட்டி, இன்னொரு 3. கூட்டினால் 18. மிச்சமுள்ள இரண்டு மணியைத் தொடாமல் வைப்பதுதான் கெட்டிக்காரத்தனம். ஏனென்றால் வெள்ளிக்கிழமை மழை பெய்து போட்டி சனிக்குத் தள்ளினால் கணக்கு முழுக்கப் புரண்டுவிடும்.

தவறு நடக்கும் இடம் 'விருப்பப் பயிற்சி'. ஆட்டக்காரி தானாகக் கேட்டு வந்தால் அது கணக்கில் வராது. யார் வந்தார், யார் வரவில்லை என்று கோச் குறித்துக்கொண்டாலோ, வராதவளை முறைத்தாலோ அது கட்டாயப் பயிற்சி ஆகிவிடும். மணிக் கணக்கு விதிக் கண்காணிப்பு அலுவலகத்துக்குப் போகிறது, அதை ஆட்டக்காரிகளே சரிபார்க்கிறார்கள்.

சீசன் இல்லாத வாரங்களில் 8 மணிதான். அப்போது கோச் விமானத்தில் இருப்பார். அதைக் கீழே சொல்கிறோம்.

கே: கல்லூரிப் போட்டியில் ஏழு புள்ளி என்கிறார்கள். தொலைக்காட்சியில் பார்க்கும் டென்னிஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லைபோல் இருக்கிறதே? – வாசகர், தஞ்சாவூர்

ப: ஆட்டம் அதேதான், கூட்டல் கணக்கு வேறு. முதலில் மூன்று டபுள்ஸ் ஆட்டம் ஒரே நேரத்தில் தொடங்கும், ஒவ்வொன்றும் ஆறு கேம் கொண்ட ஒரே செட். மூன்றில் இரண்டை வென்ற அணிக்கு ஒரே ஒரு புள்ளி. பிறகு ஆறு சிங்கிள்ஸ், மூன்று செட்டில் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மொத்தம் ஏழு, நான்கை முதலில் தொட்டவர் ஜெயித்தார். நான்காவது புள்ளி விழுந்ததும் மீதி ஆட்டங்களைப் பெரும்பாலும் அப்படியே நிறுத்திவிடுவார்கள். 6-4, 5-2 என்று முன்னிலையில் இருந்த பெண்ணுக்கு வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை, 'முடியாத ஆட்டம்' என்று பதிவாகும்.

இன்னொன்று, இங்கே 'அட்வான்டேஜ்' கிடையாது. 40-40, அதாவது டியூஸ் ஆனால், இரண்டு பாயின்ட் முன்னிலை தேவையில்லை; ஒரே பாயின்ட், கேம் முடிந்தது. எந்தப் பக்கம் சர்வ் வாங்குவது என்பதை எதிரில் நிற்பவர் தீர்மானிப்பார். இரண்டாவது சர்வ் ஒரு பக்கம்தான் நன்றாக விழும் பெண்ணை இந்த விதி உரித்துவிடும். அதனால் பயிற்சியின் கடைசிக் கால் மணியில், களைத்திருக்கும்போது, ஆளுக்குப் பத்து டியூஸ் பாயின்ட் ஆட வைப்பது நல்ல பழக்கம். பக்கத்தைத் தேர்வு செய்வது ரிட்டர்ன் ஆடுபவள். சர்வ் போடுபவளுக்கு ஒரே கட்டளை: முதல் சர்வையே எண்பது சதவீத வேகத்தில் உடம்பை நோக்கி உள்ளே போடு. ஏஸுக்கு ஆசைப்பட்டு, இரண்டாவது சர்வை நடுங்கும் கையோடு போடுவதுதான் வழக்கமான சறுக்கல்.

டபுள்ஸ் புள்ளியைச் சின்னதாக நினைக்கிற கோச் சீக்கிரம் வேலை தேடுவார். அதை இழந்தால் ஆறு சிங்கிள்ஸில் நான்கை வெல்ல வேண்டும், எடுத்தால் மூன்று போதும். ஒரே செட் என்பதால் சூடாக நேரமில்லை. முதல் இரண்டு சர்வ் கேம் போனால் அநேகமாக ஆட்டமே போயிற்று. ஆகவே உடம்பைச் சூடாக்கும் நேரத்தில் பேஸ்லைனில் நின்று அடித்துக்கொண்டிருக்காமல், சர்வ், ரிட்டர்ன், முதல் வாலி இந்த மூன்றை மட்டும் பாயின்டாக ஆட வைப்பார்கள்.

கே: போட்டியின் நடுவே கோச் கோர்ட்டுக்குள் போய்ப் பேசலாமா? ஆறு ஆட்டம் ஒரே சமயத்தில் நடந்தால் யாரைப் பார்ப்பார்? – கல்லூரி மாணவி, சென்னை

ப: பேசலாம். பாயின்ட்டுகளுக்கு நடுவிலும் ஒரு வார்த்தை சொல்லலாம், பக்கம் மாறும் 90 விநாடியில் பக்கத்தில் உட்காரலாம். யார் பக்கத்தில் உட்காருவது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

ஒரு நிலவரம் பாருங்கள். டபுள்ஸ் புள்ளி நம் கையில். சிங்கிள்ஸில் ஒன்றாம், ஐந்தாம் கோர்ட்டில் முதல் செட் போய்விட்டது. இரண்டிலும் ஆறிலும் முதல் செட் நமக்கு. மூன்றும் நான்கும் 4-4. வேண்டியது இன்னும் மூன்று புள்ளி. புதிய கோச் ஒன்றாம் கோர்ட்டுக்கு ஓடுவார், அங்கேதான் பெரிய ஆட்டக்காரி தோற்றுக்கொண்டிருக்கிறாள், கூட்டமும் அங்கேதான். பழகியவர் மூன்றாம் கோர்ட்டுக்கும் நான்காம் கோர்ட்டுக்கும் நடுவில் நிற்பார், உதவி கோச்சை ஆறாம் கோர்ட்டுக்கு அனுப்புவார். முதல் செட் எடுத்தவள் இரண்டாவது செட்டின் முதல் மூன்று கேமில் அசந்துவிடுவது சகஜம். அங்கே ஒரு குரல் இருந்தால் போதும், அந்தப் புள்ளி வழுக்காது. ஒன்றாம் கோர்ட்டுக்கு அவர் போகவே மாட்டார் என்றில்லை, முதலில் போகமாட்டார்.

உட்கார்ந்த பிறகு என்ன சொல்வது? முதல் இருபது விநாடி ஒன்றும் சொல்லக் கூடாது. தண்ணீர் குடிக்கட்டும், துண்டால் முகத்தைத் துடைக்கட்டும். பிறகு ஒரே ஒரு விஷயம், அதுவும் எங்கே அடிப்பது என்பதைப் பற்றி: "அவள் இரண்டாவது சர்வ் உன் பேக்ஹேண்டுக்கே வருது. ரெண்டு அடி உள்ளே நில்லு, குறுக்கே ஆழமா போடு, அவ்வளவுதான்." கையின் பிடியைப் பற்றியோ, தோளைத் திருப்புவதைப் பற்றியோ அப்போது வாயைத் திறந்தால் அவள் அடுத்த இரண்டு கேமும் தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கே: பலவீனமான பெண்ணை ஒன்றாம் இடத்தில் பலி கொடுத்துவிட்டு, மற்ற ஐந்து இடத்திலும் ஜெயித்துவிடலாமே? – வாசகர், திருநெல்வேலி

ப: உங்களுக்கு முன்பே நிறையப் பேருக்குத் தோன்றிவிட்டது. திறமை வரிசைப்படிதான் ஆட்டக்காரிகளை நிறுத்த வேண்டும் என்பது விதி. எதிரணிக் கோச் புகார் கொடுத்தால் முந்தைய முடிவுகளை வைத்துப் பார்ப்பார்கள். மூன்றாம் எண்ணில் ஆடுபவளுக்குக் காய்ச்சல் என்றால், நான்கு மூன்றாகும், ஐந்து நான்காகும், ஆறு ஐந்தாகும், புதியவள் ஆறில் வருவாள். மூன்றாம் இடத்திலேயே புதியவளை நுழைக்க முடியாது.

கே: ஆட்களைப் பிடிப்பதுதான் இந்த வேலையின் பாதி என்று கேள்விப்பட்டேன். கோச்சுகள் என்ன பார்த்து எடுக்கிறார்கள்? எங்கள் மகள் எழுதிய மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை. – பெற்றோர், மதுரை

ப: உங்கள் மகள் என்ன வகுப்பு என்று எழுதவில்லையே! பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-க்கு முன்னால் கோச் அவருக்குத் தனியாக எழுதவோ பேசவோ கூடாது. அவர் எழுதலாம், கோச் பதில் போடக் கூடாது. அந்த மௌனத்தை 'வேண்டாம்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினொன்றாம் வகுப்பு தொடங்குமுன் வரும் ஆகஸ்ட் 1 முதல் கல்லூரிக்கு அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டலாம்.

கோச்சின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு இப்படி. புதிய ஏற்பாட்டில் (சம்பளக் கேள்வியில் கீழே வரும் 'ஹவுஸ்' சமரசம்) சேர்ந்த கல்லூரிகளில் அணியில் அதிகபட்சம் 10 பேர். வருடத்துக்கு இரண்டோ மூன்றோ பேர் படிப்பு முடித்துப் போவார்கள். 2024 ஏப்ரல் முதல், படிப்பில் குறையில்லாத ஆட்டக்காரி எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறலாம், ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டியதில்லை. ஆகவே எதிர்பாராமல் இன்னும் ஓரிடம் காலியாகலாம். டிவிஷன் ஒன்று பெண்கள் டென்னிஸில் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பெண்கள்தான் என்பதால், தேடல் உலகம் முழுக்க நடக்கும்.

முதல் சல்லடை யு.டி.ஆர். என்னும் தர எண். அது 1-லிருந்து 16.5 வரை போகும். முன்னணிப் பெண்கள் அணிகளில் பெரும்பாலும் 10-ஐத் தாண்டியவர்கள், நடுத்தர அணிகளில் 8, 9. ஆனால் எண் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். ஆகஸ்டில் சான் டியாகோவில் நடக்கும் 18 வயதுக்குட்பட்டோர் தேசியப் போட்டி போன்ற இடங்களில் வேலியோரம் நிற்கும் கோச்சுகளைக் கவனித்தால் தெரியும், பாயின்ட்டை விடப் பாயின்ட்டுக்கு நடுவே உள்ள நேரத்தைத்தான் அதிகம் பார்ப்பார்கள். செட் போனதும் மட்டையை எப்படி வைக்கிறாள், வெளியே வந்ததும் அம்மாவிடம் எந்தக் குரலில் பேசுகிறாள், டபுள்ஸில் நெட்டுக்குப் போகத் தயங்குகிறாளா. ஜூனியரில் நெட்டையே மிதிக்காமல் ஜெயித்து வந்த பெண்ணுக்கு டபுள்ஸ் கற்றுத்தர ஒரு வருடம் போய்விடும்.

மின்னஞ்சலுக்கு வருவோம். தலைப்பு வரியிலேயே கல்லூரி சேரும் ஆண்டு, நாடு, யு.டி.ஆர். மூன்றும் இருக்கட்டும். வீடியோவுக்கு இசை போட்டு வெட்டி ஒட்ட வேண்டாம். பேஸ்லைனுக்குப் பின்னால் உயரத்தில் கேமராவை வைத்து, கால் மணி நேரம் வெட்டாமல் எடுத்த ஆட்டம், தோற்ற பாயின்ட்டுகளும் சேர்த்து. கடிதத்தை மகளே எழுதட்டும். அப்பா எழுதியது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

அதோடு இரண்டு காகித விஷயம். தகுதிச் சோதனைக்கு 9-ஆம் வகுப்பிலிருந்து மதிப்பெண் பட்டியல் கேட்பார்கள். 16 முக்கியப் பாடங்கள், அவற்றில் நான்குக்குச் சராசரி 2.3 வேண்டும். எஸ்.ஏ.டி. போன்ற கல்லூரி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை என்.சி.ஏ.ஏ. 2023-ல் கைவிட்டது, கல்லூரி தன் பங்குக்குக் கேட்கலாம். நம் ஊரில் பத்தாவது, பன்னிரண்டாவதைத்தான் பத்திரமாக வைப்போம், ஒன்பதாவது பட்டியல் எந்தப் பரணில் இருக்கிறதோ! இரண்டாவது, பரிசுப் பணம். கல்லூரியில் சேருமுன் ஓர் ஆண்டில் 10,000 டாலர் வரை வாங்கலாம், அதற்கு மேல் அந்தந்தப் போட்டிக்கான செலவுக்கு ஈடாக மட்டும் என்பது 2024-ல் இருந்த விதி. எனவே விமான டிக்கெட், அறை வாடகை, ஸ்டிரிங் ரசீது எல்லாவற்றையும் போட்டிவாரியாகக் கட்டி வையுங்கள். வட கரோலினாப் பல்கலைக்கழக ஆட்டக்காரி ரீஸ் பிரான்ட்மையர் இந்தக் கட்டுப்பாட்டை எதிர்த்து 2024 மார்ச்சில் வழக்குப் போட்டார். விதி அசையத் தொடங்கிவிட்டது, சேரும் வருடத்து விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: பத்துப் பேர் அணியில் ஆறு பேர்தான் சிங்கிள்ஸ் ஆடுகிறார்கள். மற்ற நால்வரை எப்படிச் சமாளிப்பது? – உடற்கல்வி ஆசிரியை, ஈரோடு

ப: ஏழாம் இடத்துப் பெண்தான் அணியின் வெப்பமானி. அவள் முகம் கோணினால் ஒரு வாரத்தில் எல்லோரும் கோணுவார்கள். அவளுக்கு ஆறாம் இடம் ஏன் இல்லை என்பதை எண்ணோடு, முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும்: இன்னாரோடு ஆடிய மூன்று பயிற்சி ஆட்டத்தில் இரண்டு தோல்வி, இரண்டாவது சர்வில் எடுத்த பாயின்ட் இவ்வளவு, அடுத்த தேர்வு ஆட்டம் இன்ன தேதி. வரிசைத் தாளைச் சுவரில் ஒட்டிய பிறகு அவள் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விட்டால் அது கோச்சின் சோம்பேறித்தனம்.

கே: பெண்கள் அணியில் அழுத்த எலும்பு முறிவு அடிக்கடி வருகிறதாமே? கோச்சின் பங்கு என்ன? – பிசியோதெரபிஸ்ட், திருச்சி

ப: ஆடும் அளவுக்குச் சாப்பிடாமல் போவதுதான் பல நேரம் வேர். உடம்பு மிச்சம் பிடிக்கத் தொடங்கும், மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுபோகும், எலும்பு மெலியும், பாதத்திலோ கால் எலும்பிலோ கீறல் விழும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதற்கு 'ரெட்-எஸ்' என்று பெயரிட்டது. மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். "போட்டிக் காலத்தில் அப்படித்தான்" என்று சொல்லும் கோச்சை நம்பக் கூடாது.

கோச் செய்யக் கூடாதவை: எடை பார்ப்பது, உடம்பைப் பற்றிப் பேசுவது, "கொஞ்சம் இளைத்தால் கால் வேகமாகும்" என்பது. செய்ய வேண்டியவை: பயிற்சி முடிந்த அரை மணிக்குள் சாப்பாடு கையில் இருக்கும்படி அட்டவணை போடுவது, பேருந்தில் உணவுப் பெட்டி ஏற்றுவது, ஒரே இடத்தில் வலி என்று இரண்டாவது முறை சொன்னால் அன்றே அணியின் மருத்துவப் பணியாளரிடம் அனுப்புவது. திரும்ப ஆடலாமா என்று முடிவு செய்வது மருத்துவர், கோச் அல்ல.

கே: நான் மட்டைக்கு ஸ்டிரிங் போடும் கடை வைத்திருக்கிறேன். கல்லூரி அணிக்கு வாரம் எவ்வளவு வேலை வரும்? – வாசகர், சென்னை

ப: உங்களுக்குப் பிடித்த கணக்குதான். ஒரு மட்டைக்குச் சுமார் 12 மீட்டர், 200 மீட்டர் சுருளில் பதினாறு மட்டை. பத்துப் பேர், ஆளுக்கு வாரம் மூன்று என்றால் 30 மட்டை, கிட்டத்தட்ட இரண்டு சுருள். பல அணிகளில் இதைச் செய்வது உதவி கோச்தான், இரவு பதினொரு மணிக்கு மெஷின் முன்னால் நின்றுகொண்டு. ஸ்டிரிங் போடத் தெரிந்தவர் என்பது விண்ணப்பத்தில் எழுத வேண்டிய தகுதி.

பாலியெஸ்டர் ஸ்டிரிங் அறுவதில்லை என்று விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. அறுவதற்கு ரொம்ப முன்பே அது செத்துவிடும். பந்து கோட்டைத் தாண்டி நீளமாகப் போகும், பெண் அதை அடக்கக் கையை இறுக்குவாள், இரண்டு வாரத்தில் முழங்கையும் மணிக்கட்டும் வலிக்கும். ஸ்டிரிங் போட்ட தேதியை மட்டையின் கழுத்தில் டேப்பில் எழுதி ஒட்டிவிட்டால் பாதித் தொல்லை தீரும். உள்ளரங்கிலிருந்து வெயிலுக்குப் போகும் வாரம் ஸ்டிரிங்கின் இறுக்கத்தை ஒன்றிரண்டு பவுண்டு கூட்டச் சொல்வார்கள், சூட்டில் பந்து பறக்கும்.

கே: சம்பளம் எப்படி? வேலை நிலையானதா? – வாசகர், சிங்கப்பூர்

ப: அமெரிக்கத் தொழிலாளர் துறைக் கணக்கில், எல்லா விளையாட்டுக் கோச்சுகளையும் சேர்த்து எடுத்த நடுமதிப்பு ஆண்டுக்கு 46,000 டாலரை ஒட்டி இருக்கிறது. டென்னிஸ் உதவி கோச்சுகள் பலர் இந்த வட்டாரத்தில்தான். பெரிய பல்கலைக்கழகத் தலைமைக் கோச் இதைப் போல் பல மடங்கு வாங்கலாம். முகாம் வருமானம் தனி. சிறு கல்லூரியில் ஒரே ஆள் ஆண்கள், பெண்கள் இரண்டு அணியையும் பார்ப்பார், கோர்ட் வலையையும் அவரே கட்டுவார்.

நிலைத்தன்மை பற்றிப் பூசி மெழுகிப் பயனில்லை. உதவி கோச்சுக்குப் பெரும்பாலும் ஒரு வருட ஒப்பந்தம். தலைமைக் கோச் மாறினால் அவரும் பெட்டி கட்ட வேண்டும். இப்போது இன்னொரு பயமும் சேர்ந்திருக்கிறது. 2025 ஜூன் 6-ல் நீதிமன்றம் ஏற்ற, கல்லூரி ஆட்டக்காரர்கள் என்.சி.ஏ.ஏ. மேல் போட்ட 'ஹவுஸ்' வழக்கின் சமரசப்படி, கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் பங்கிடலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். பெரும்பகுதி அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும்தான் போகும். டென்னிஸ் மாதிரி வருமானமில்லாத அணிகளின் செலவை அதற்காகக் குறைக்கிறார்கள், சில இடங்களில் அணியையே மூடிவிட்டார்கள். முன்பு பெண்கள் அணிக்கு 8 முழு உதவித்தொகை என்ற வரம்பு இருந்தது. சமரசத்தில் சேர்ந்த கல்லூரி இப்போது 10 பேருக்கும் கொடுக்கலாம், 'கொடுக்கலாம்' என்றுதான் இருக்கிறது. நேர்காணலில் "எட்டு உதவித்தொகைக்கும் பணம் இருக்கிறதா, ஐந்துக்குத்தானா?" என்று கேட்காமல் வேலையை ஏற்காதீர்கள்.

கே: பெண்கள் அணிக்குப் பெண்கள்தான் கோச்சாக இருக்கிறார்களா? – வாசகி, டொராண்டோ

ப: ஒரு காலத்தில். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுத்த 'டைட்டில் ஒன்பது' சட்டம் வந்த 1972-ல், எல்லா விளையாட்டுகளையும் சேர்த்து, கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 சதவீதத்துக்கு மேல் பெண்களே கோச். 2014 கணக்கில் அது 43.4 சதவீதம். சட்டத்தால் பணம் வந்தது, சம்பளம் வந்ததும் ஆண்கள் விண்ணப்பித்தார்கள், ஆளெடுக்கும் நாற்காலியிலும் ஆண்கள். ஜனவரி முதல் மே வரை வாரக் கடைசியெல்லாம் வெளியூர் என்பதும் கைக்குழந்தைக்காரியை வெளியே தள்ளுகிறது. குழந்தையையும் பராமரிப்பாளரையும் பயணத்தில் அழைத்துவரச் செலவு தருவீர்களா என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது தவறில்லை.

கே: நான் இங்கே அகாடமியில் எட்டு வருடமாகக் கோச். நேரடியாக அங்கே விண்ணப்பிக்கலாமா? – வாசகர், வேலூர்

ப: விண்ணப்பிக்கலாம், கிடைப்பது மிகவும் கடினம். பல்கலைக்கழகங்களுக்கு ஹெச்-1பி வேலை விசாவின் குலுக்கல் வரம்பு இல்லை என்பது நல்ல செய்தி. ஆனால் 2025 செப்டம்பரில் வந்த உத்தரவுப்படி, நாட்டுக்கு வெளியே இருப்பவருக்கான புதிய மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம். உதவி கோச்சுக்கு எந்தக் கல்லூரியும் அதைக் கட்டாது. முதுகலைக்குச் சேர்ந்து கிராஜுவேட் அசிஸ்டென்ட் ஆவதுதான் நடைமுறை வழி.

பாடத் தேர்வில் கவனம். படிப்புக்குப் பிறகு மாணவர் விசாவிலேயே 12 மாதம் வேலை பார்க்க விடும் ஓ.பி.டி. அனுமதியில், வேலை படித்த பாடத்தோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் படித்துவிட்டு டென்னிஸ் கோச் வேலையைக் காட்டினால் நிற்காது. விளையாட்டு மேலாண்மை, உடலியக்கவியல் போன்றவை பொருந்தும். கோவை வாசகி மகளுக்கும் இது பொருந்தும்: பட்டம் எதுவானாலும் கல்லூரி எடுத்துக்கொள்ளும், விசா எடுத்துக்கொள்ளாது.

கே: யூடியூபில் ஒரு கல்லூரிப் போட்டி பார்த்தேன். கூட்டம் கத்துகிறது, தோழிகள் பக்கத்துக் கோர்ட்டிலிருந்து கூவுகிறார்கள். டென்னிஸில் இதை விடுகிறார்களா? – பள்ளி மாணவி, புதுச்சேரி

ப: பாயின்ட் முடிந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும். பந்து ஓடும்போது கத்தக் கூடாது, எதிராளியைப் பெயர் சொல்லிச் சீண்டக் கூடாது, நடுவர் எச்சரிப்பார். பக்கத்துக் கோர்ட்டிலிருந்து வரும் கூவலுக்கு வேறு காரணமும் உண்டு. நான்காம் கோர்ட்டில் ஆடுபவளுக்கு ஆறாம் கோர்ட்டில் என்ன நடக்கிறது என்று சரியாகத் தெரியாது. அங்கிருந்து தன் அணியின் குரல் வந்தால், ஒரு கேம் நம் பக்கம் வந்தது என்று அர்த்தம். அதனால்தான் தோற்றுக்கொண்டிருக்கும் பெண்ணையும் கோச் கூவச் சொல்லுவார்.